செகண்ட் ஹேண்ட் பைக் உதறுகிறதா? முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்!

பழைய பைக் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் டெஸ்ட் ரைடு பெரும்பாலும் தெருமுனை வரை போய்த் திரும்புவதுதான். அந்தத் தூரத்தில் வண்டி முப்பதைத் தாண்டாது. ஹார்ன் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கியர் விழுகிறதா என்று பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். பணம் கைமாறி, ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்தெல்லாம் வாங்கி, முதல் ஞாயிற்றுக்கிழமை ஜி.எஸ்.டி. சாலையில் அறுபதைத் தொடும்போதுதான் விஷயம் தெரியும். ஃபுட் ரெஸ்ட்டில் பாதம் கூசும். சைடு மிரரில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கை மரத்துப்போகும்.

மறுநாள் காலை மெக்கானிக் கடை வாசலில் போய் நின்று, "அண்ணே, வண்டி ரொம்ப வைப்ரேஷன் அடிக்குது" என்பார் வாங்கியவர். மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "செயின் செட் போயிருக்கும் சார்" என்பார். செயின் செட் மாறும், உதறல் மாறாது. அடுத்து இன்ஜின் மவுண்டிங் புஷ், அதற்கடுத்து ஹேண்டில் பார் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட். ஒவ்வொரு பாகமாகப் பணம் இறங்கிக்கொண்டே இருக்கும். இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட தகவல் அவ்வளவுதான்.

பைக்கில் சுழல்கிற பொருள்கள் பல. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் சுழல்கிறது. எனவே எந்தப் பாகம் தேய்ந்தது என்று ஊகிப்பதற்கு முன்னால், இந்த அதிர்வு எதோடு சேர்ந்து கூடுகிறது, எதோடு சேர்ந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றோடா, சக்கரத்தின் ஓட்டத்தோடா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் சந்தேகப் பட்டியலில் பாதி அடிபட்டுப்போகும்.

கணக்கு போட்டே பார்க்கலாம். நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டிகளில் 80/100-18 அளவு டயர் சாதாரணம். அதன் சுற்றளவு கிட்டத்தட்ட 1.94 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு எட்டரை முறைக்குச் சற்று மேலே சுழலும். அதே நேரத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 83 முறை. நொடிக்கு எட்டொன்பது முறை வரும் அடியைத் தனித்தனியாக உணர முடியும். தொம் தொம்மென்று சீட்டிலோ ஹேண்டில் பாரிலோ தூக்கிப்போடும். நொடிக்கு 80 முறை வருவதை அப்படிப் பிரித்து உணர முடியாது. அது கூச்சமாக, மரமரப்பாகத்தான் கைக்கு வரும். ஆக, உதறல் தூக்கிப்போடுகிறதா, கூசுகிறதா என்பதே முதல் துப்பு.

மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு வண்டி நகரவே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் போடாமல் இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, நியூட்ரலில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை ஏற்றுங்கள். சாலையில் வந்த அதே கூச்சம் நின்ற இடத்திலேயே வந்தால் சக்கரம், டயர், செயின் மூன்றையும் மறந்துவிடலாம். காற்றில் குளிரும் இன்ஜினை நின்ற இடத்தில் நெடுநேரம் முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. சில விநாடிகள் போதும்.

இரண்டாவது, ஒரே வேகம், வேறு வேறு கியர். ஐம்பதில் டாப் கியரிலும் அதற்கு ஒரு கியர் கீழேயும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் உதறல் ஒரே மாதிரி இருந்தால் அது சாலை வேகத்தைச் சேர்ந்தது. கியர் மாறியதும் உதறலும் மாறினால் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். டேக்கோமீட்டர் இல்லாத வண்டிக்கு இந்தச் சோதனைதான் டேக்கோமீட்டர்.

மூன்றாவதை ஆளில்லாத நேரான சாலையில்தான் செய்ய வேண்டும். உதறல் வரும் வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து, இன்ஜினை ஐட்லிங்குக்கு இறங்க விடுங்கள். உதறல் சட்டென்று அடங்கினால் காரணம் இன்ஜின். வண்டி உருளும்வரை தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால் காரணம் டயர், ரிம், வீல் பேரிங், கோன் செட் ஆகியவற்றுள் ஒன்று. இரண்டுமில்லாமல், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்து, விட்டதும் காணாமல் போனால், செயின், ஸ்பிராக்கெட், பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் மூன்றையும் பாருங்கள். சில வாலிபர்கள் இந்தச் சோதனையின்போது இரண்டு கைகளையும் விட்டுப் பார்ப்பதுண்டு. அப்படிச் செய்யவே கூடாது. கோன் செட் லூசாக இருக்கும் வண்டி அந்த நொடியில்தான் கவிழ்த்துப்போடும்.

நண்பர் ஒருவர் வாங்கிய 150 சிசி வண்டியின் கதை இதற்குப் பொருத்தம். பார்க்கப் புதுசு போல இருந்தது. மீட்டரிலும் கிலோமீட்டர் குறைவு. அறுபதுக்கு மேல் முன்பக்கம் தொம் தொம்மென்று தட்டியது. இன்ஜின் மவுண்டிங், செயின் செட் எல்லாம் மாற்றி முடித்த பிறகுதான் கிளட்ச் பிடித்துப் பார்த்திருக்கிறார். உதறல் அப்படியே இருந்தது. டயரின் பக்கவாட்டைப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அவர் வண்டியில் இருந்தது வண்டியோடு வந்த பழைய டயர். அடுக்குமாடி பார்க்கிங்கில், காற்று இறங்கி, ஒரே இடத்தில் நெடுநாள் நின்றதால் அடிப்பக்கம் தட்டையாகிவிட்டது. குறைந்த கிலோமீட்டர் என்று மகிழ்ந்து வாங்கிய அதே காரணம்தான் அந்த உதறலுக்கும் காரணம்! ஓடாத வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்காக ஓடிய வண்டியை, மூலையில் நின்ற வண்டியைவிட நம்பலாம்.

சக்கரம்தான் என்று தெரிந்த பிறகு வேலை எளிது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஃபோர்க்கில் ஒரு பென்சிலை ரிம்முக்கு மிக அருகில் அணைத்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பென்சிலுக்கும் ரிம்முக்கும் இடையே இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது. பல கம்யூட்டர் வண்டிகளுக்கு 2 மி.மீ. வரைதான் அனுமதி. ஸ்போக்ஸ் கம்பி வைத்த சக்கரமானால் கோட்டம் எடுத்துவிடலாம். அலாய் வீலில் பெண்டு எடுத்துத் தருகிறோம் என்பவர்களை நம்பி முன் சக்கரத்தை ஒப்படைக்க மாட்டேன்; விரிசல் உள்ளே ஓடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்று தட்டினால் கோன் செட் லூஸ். ஹேண்டில் பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் அது தேய்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கும், அல்லது டிரம் வட்டம் தப்பியிருக்கும்.

செயினில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் ஓரிடம் மட்டும் இறுகியிருந்தால், அந்த இடம் முழுச் சுற்று வர சக்கரத்தைவிட அதிக நேரம் ஆகும். 112 கண்ணிச் செயினும் பின்னால் 42 பல் ஸ்பிராக்கெட்டும் என்றால், சக்கரம் ஏறத்தாழ இரண்டே முக்கால் சுற்று சுற்றினால்தான் செயின் ஒரு சுற்று. ஆகவே சீராக வராமல், விட்டு விட்டு வரும் இழுவை செயினைக் காட்டிக்கொடுக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடங்களில் செயின் தொய்வை அளந்தாலே தெரிந்துவிடும்.

இன்ஜினின் பிறவிக்குணம்

உதறல் இன்ஜினிலிருந்து வருகிறது என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அதிராமல் இருக்க முடியாது. பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வருகிறது; ஒவ்வொரு முறையும் அந்த எடையைத் தடுத்துத் திருப்பும் விசை சேசிஸில்தான் இறங்குகிறது. இதைச் சமன்செய்ய கிராங்கில் எதிர் எடை வைப்பார்கள். முழு அளவுக்கு வைத்தால் மேலும் கீழும் அடிப்பது நின்று முன்னும் பின்னும் அடிக்கத் தொடங்கும். அதனால் பாதியளவுக்குச் சமன்செய்து, மீதியைச் சவாரி செய்பவர் தலையில் கட்டுவதுதான் நெடுங்கால வழக்கம். கிராங்குக்கு எதிர்த் திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் வந்த பிறகுதான் அந்த மீதியும் பெரிதும் அடங்கியது. ராயல் என்ஃபீல்டு 2016-இல் வந்த ஹிமாலயனில் அதை வைத்தது; 350 சிசி வரிசைக்கு அது 2020-இல் மீட்டியாரோடுதான் வந்தது. அதற்கு முந்தைய கிளாசிக் 350 வாங்கிவிட்டு, எண்பதில் அதிர்கிறது என்று புகார் சொல்பவருக்கு எந்த மெக்கானிக்கும் மருந்து தர முடியாது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் கேட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அதுவும் அப்படியே அதிர்ந்தால் உங்கள் வண்டியில் கோளாறு இல்லை.

உங்களுடையது மட்டும் அதிகம் அதிர்ந்தால், பழைய ஓனர் என்ன செய்துவைத்தார் என்று தேட வேண்டும். என் கணிப்பில் செகண்ட் ஹேண்ட் வண்டிகளின் இன்ஜின் உதறலுக்கு வயதைவிட இதுதான் பெரிய காரணம். ஹேண்டில் பாரின் இரு முனையிலும் இருக்கும் இரும்புக் குண்டு அலங்காரத்துக்கு இல்லை. பாரின் துடிப்பை அடக்க வைத்தது. அதைக் கழற்றிவிட்டு அங்கே கண்ணாடி மாட்டியிருப்பார்கள். கம்பெனி சைலன்சருக்குப் பதில் வேறொன்றைப் போட்டு, ரப்பர் வாஷர் இல்லாமல் நேரடியாக இறுக்கியிருப்பார்கள். சில வண்டிகளில் லெக் கார்டு, இன்ஜின் மவுண்டிங் போல்டோடு சேர்ந்தே மாட்டப்படுகிறது. கார்டைக் கழற்றியவர் அதே நீளமான போல்டைத் திரும்பப் போட்டிருந்தால் அது எத்தனை முறுக்கினாலும் இறுகாது. மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, இன்ஜினைத் தன் இடத்தில் உட்காரவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் இன்ஜின் கோணிக்கொண்டு இன்னும் மோசமாகும். குறிப்பிட்ட ஒரே சுற்றில் மட்டும் ர்ர்ர் என்று வந்து மறைந்தால், ஒருவரை முறுக்கச் சொல்லிவிட்டு நம்பர் பிளேட், சேலை கார்டு, மட்கார்டு என ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

இன்ஜின் பிரிக்கப்பட்ட வண்டி வேறு கதை. பேலன்சர் உள்ள இன்ஜினைத் திரும்பக் கோக்கும்போது, கிராங்க் பல்சக்கரத்திலும் பேலன்சர் பல்சக்கரத்திலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலே அதிர்வை அடக்க வேண்டியது அதிர்வைக் கூட்டத் தொடங்கிவிடும். கனெக்டிங் ராட் மாற்றியிருந்தால் கிராங்கைப் பிரித்துத் திரும்ப பிரஸ் அடித்திருப்பார்கள். அந்த இரண்டு பாதிகளும் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அளவுக்குள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அளந்து காட்டும் லேத் பட்டறையும் உண்டு, சுத்தியால் தட்டிக் கண்ணால் பார்த்து அனுப்பும் பட்டறையும் உண்டு. கேஸ் ஓரத்தில் புது கேஸ்கட் பேஸ்ட் வழிந்திருந்தால் யார், எங்கே, எதற்காகப் பிரித்தார்கள் என்று விற்றவரிடம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அதிர்வோடு அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' சத்தமும் சேர்ந்து, ஏற்றத்தில் அது பலமானால், வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

சிலர் செல்போனை ஹேண்டில் பாரில் மாட்டி, அதிலுள்ள சென்சாரை வைத்தே அதிர்வை அளக்கிறார்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப், நொடிக்கு எத்தனை துடிப்பு என்று வரைபடமே தந்துவிடும். போனை நேராக பாரில் மாட்டாமல் சட்டைப் பையில் வைத்துச் செய்யுங்கள். திறன் மிகுந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது.

போனுக்கே இந்தக் கதி என்றால் கையைக் கேட்க வேண்டாம். உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகள் பலர் ஓட்டுவது பழைய வண்டி. நாள் முழுக்க அதில்தான் இருக்கிறார்கள். தொழிலாளியின் கைக்கு வரும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே சட்டத்தில் வரம்பு வைத்துவிட்டது. இரவில் விரல் மரத்துப் போய்த் தூக்கம் கலைகிறவர்கள் வண்டியை மெக்கானிக்கிடமும் கையை டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில், எந்த கியரில், உடம்பின் எந்த இடத்தில், கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா இல்லையா. செலவில்லாதவற்றை முதலில் முடியுங்கள்: டயர் காற்று, போல்ட் இறுக்கம், செயின் தொய்வு. பாகம் மாற்றுவதெல்லாம் பிறகு. டேங்கைத் தூக்கி, ஹேண்டில் பாருக்குக் கீழே சேசிஸின் கழுத்துப் பகுதியையும் பார்த்துவிடுங்கள். அங்கே பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ, புது வெல்டிங் தடம் இருந்தாலோ அது அடிபட்ட வண்டி. அதற்கு மேல் எந்தச் செலவும் செய்ய வேண்டாம். விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள், வாங்க மறுத்தால் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடுங்கள். அந்த வண்டியை இன்னொருவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.