கருவியின் மொழி

நுழையும்முன்

ஒரு கருவியைக் கணினியில் பொருத்துவது கையின் வேலை. அதனைக் கணினி அறியச் செய்வது அறிவின் வேலை. விரல் நீளமேயுள்ள கம்பியில்லா இணைப்புக் கருவி ஒன்று லினக்ஸ் கணினியில் உயிர்பெறும் முறையையும், அதற்குப் பின்னால் உள்ள அறிவுப் பகிர்வின் வரலாற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவப்படுகிறது. அதில் கம்பியில்லா இணைய வசதி இல்லை. அதற்கென வாங்கப்பட்ட சிறிய யுஎஸ்பி கருவி பொருத்தப்படுகிறது. ஆனால், கருவியின் விளக்கு எரியவில்லை. வலையமைப்புகளின் பட்டியலும் திரையில் தோன்றவில்லை. கருவி பழுதென்று கருதி ஒதுக்கிவிடுவோர் உண்டு. பலவேளைகளில் கருவி நன்றாகவே இருக்கும். அது பேசும் மொழி கணினிக்குத் தெரியாததே குறையாக இருக்கும்.

இயக்கி என்பது யாது?

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் யுனிக்ஸ் தோன்றியது. அதன் வழியைப் பின்பற்றி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். இவ்வகை இயக்க அமைப்புகளின் மையப்பகுதி கெர்னல் எனப்படும். நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகிய அனைத்தையும் ஆள்வது அதுவே. கெர்னலின் ஆணையைக் கருவிக்குப் புரியுமாறும், கருவியின் விடையைக் கெர்னலுக்குப் புரியுமாறும் மாற்றித் தரும் நிரலே இயக்கி. இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளருக்கு இதனை ஒப்பிடலாம்.

லினக்ஸில் மிகப்பல இயக்கிகள் கெர்னலுடன் சேர்ந்தே வருகின்றன. அவை தனித்தனி நிரல்கூறுகளாக வட்டில் இருந்து, உரிய கருவி பொருத்தப்பட்டவுடன் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன.

பெயரும் எண்ணும்

கருவியின் உறையில் அச்சிட்ட பெயர் கெர்னலுக்குப் பொருட்டன்று. ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் பொருத்தப்பட்டவுடன் இரண்டு எண்களை அறிவிக்கிறது. முதல் எண் தயாரிப்பாளரையும், இரண்டாம் எண் பொருளையும் குறிக்கும். இரண்டும் பதினாறு நிலை எண்முறையில் நான்கு இலக்கம் உடையவை. முனையத்தில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளையை இட்டால் இவ்வெண்கள் தோன்றும். எடுத்துக்காட்டாக, ‘0சிஎஃப்3:9271’ என்பது ஏதெராஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 என்னும் சில்லைக் காட்டுகிறது. அதற்குரிய இயக்கி ‘ஏடிஎச்9கே_எச்டிசி’ ஆகும்.

ஒரே பெயரில் விற்கப்படும் கருவியின் முதற்பதிப்பில் ஒரு சில்லும், அடுத்த பதிப்பில் வேறொரு சில்லும் இருப்பதுண்டு. ஆகவே, பெயரை நம்பி இயக்கி தேடுவோர் வழிதவறுவர். எண்ணை அறிந்து தேடுவோர் இலக்கை அடைவர்.

தடைகளும் தீர்வுகளும்

இயக்கி இருந்தும் கருவி இயங்காமல் போவது ஏன்? பல கம்பியில்லாச் சில்லுகளுக்குள் ஒரு சிறு கணினியே இருக்கிறது. அது இயங்கத் தேவையான நிரல் நிலைப்பொருள் எனப்படும். சில கருவிகளில் அந்நிரல் நிலையாகத் தங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் கணினியே அதனைக் கருவிக்கு அனுப்புகிறது. நிலைப்பொருள் கோப்பு உரிய கோப்புறையில் இல்லையெனில் இயக்கி செயலற்று நிற்கும். அச்செய்தியைக் கெர்னல் தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். ‘டிமெஸ்ஜி’ என்னும் கட்டளை அக்குறிப்பேட்டைப் படித்துக் காட்டும். அதில் குறிப்பிட்ட கோப்பைச் சேர்ப்பதே தீர்வாகும்.

சில கருவிகள் முதலில் தம்மைக் குறுவட்டு எனக் காட்டிக்கொள்கின்றன. விண்டோஸுக்குரிய இயக்கியை உள்ளேயே வைத்து வழங்கத் தயாரிப்பாளர் செய்த ஏற்பாடு இது. லினக்ஸில் ‘யுஎஸ்பி மோட்சுவிட்ச்’ என்னும் நிரல், அக்கருவியை உண்மை வடிவிற்கு மாற்றுகிறது.

கெர்னலில் இயக்கியே இல்லாதபோது, அதன் மூலநிரலைப் பெற்றுத் தொகுக்க வேண்டும். இவ்வாறு தொகுத்த நிரல்கூறு, தொகுத்த கெர்னல் பதிப்பிற்கு மட்டுமே பொருந்தும். கெர்னல் புதுப்பிக்கப்பட்டால், நேற்றுவரை இயங்கிய கருவி இன்று நின்றுவிடும். புதிய கெர்னலுக்கேற்ப இயக்கியைத் தானாகவே மீண்டும் தொகுக்கும் ‘டிகேஎம்எஸ்’ இதற்குத் துணைபுரிகிறது.

இணையம் பெற இயக்கி வேண்டும். இயக்கி பெற இணையம் வேண்டும். இம்முட்டுக்கட்டையைக் கடக்கக் கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிரலாம். அல்லது வேறொரு கணினியில் பதிவிறக்கிய கோப்பை விரலியில் கொண்டுவரலாம்.

அறிவு யாருக்கு உரியது?

இயக்கி எழுத, சில்லின் செயல்முறையை விளக்கும் ஆவணம் தேவை. அதனைத் தர மறுத்த நிறுவனங்களும் இருந்தன. மறைக்கப்பட்ட அறிவு மனிதரை முடக்கும் என்பதை ரிச்சர்டு ஸ்டால்மனின் பட்டறிவு காட்டுகிறது. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய அவர், அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனருக்குச் செய்தி அனுப்புமாறு அதன் நிரலை மாற்றியிருந்தார். புதிதாக வந்த அச்சுப்பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பியபோது, அதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த ஓர் ஆய்வாளரும், பிறருக்கு அளிப்பதில்லை என உறுதி தந்திருந்தமையால் மறுத்துவிட்டார். இவ்வகைப் பட்டறிவே 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவிப்பதற்குத் தூண்டுதலாயிற்று.

யுனிக்ஸ் மரபில் வந்த ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தின் தலைவர் தியோ டி ராட், கம்பியில்லாச் சில்லு நிறுவனங்களிடம் ஆவணங்களையும் நிலைப்பொருளைப் பகிரும் உரிமையையும் வேண்டி இயக்கம் நடத்தினார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2004ஆம் ஆண்டுக்கான விருதை அவருக்கு வழங்கியது.

தெரியுமா?

‘பாஸ்’ என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் பதிப்பு. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் அது இடம்பெற்றது.

கருவியின் விளக்கு எரியும்போது, அதன் பின்னால் முகமறியா மனிதர் பலரின் உழைப்பு ஒளிர்கிறது. ஒருவர் எழுதினார், மற்றொருவர் திருத்தினார், எவரும் மறைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளை முழுமையாக அறியும் உரிமை பயனருக்கு உண்டா என்னும் வினாவையும் அச்சிறு ஒளி எழுப்புகிறது.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையுடன் யுஎஸ்பி கருவிகளின் அடையாள எண்களைக் கண்டறிந்து பட்டியலிடுக.
2. ‘மூலநிரலைப் பகிர்தல் – தேவையா, இழப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.