படகுத்துறை இருக்கிறது... படகு எங்கே?

சென்னையில் கூவம் ஆற்றின் கரையோரமாக, பாரி, ஓரி, காரி என்று கடையெழு வள்ளல்களின் பெயரில் ஒரு காலத்தில் படகுத்துறைகள் கட்டினார்கள். 1960-களின் கடைசியில் தொடங்கிய கூவம் சீரமைப்புத் திட்டத்தில், கரையைப் பலப்படுத்தி, தூர்வாரி, 1970-களின் தொடக்கத்தில் படகுச் சவாரியும் விட்டார்கள். கொஞ்ச நாள்தான். நாற்றம் தாங்காமல் ஆட்கள் வருவது நின்றது, படகும் நின்றது. வள்ளல்கள் பெயரில் இருந்த துறைகளில் செடி முளைத்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகும் ‘கூவத்தில் மீண்டும் படகு’ என்ற பேச்சு சில வருஷங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால், அந்தப் பேச்சு எப்போதும் நேப்பியர் பாலத்துப் பக்கம்தான் தொடங்கும். ஆறு தொடங்குகிற இடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நெல்லும் விறகும் வந்த நீர்வழி

சாக்கடைக்கு முன்னால் சென்னையின் நீர்வழிகள் எப்படி இருந்தன என்பதற்கு பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்க்க வேண்டும். 1806-ல் எண்ணூர் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78), பட்டினியில் கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். ஆந்திராவில் காக்கிநாடா தொடங்கி மரக்காணம் வரைக்கும் கடலோரமாகவே படகில் போகலாம் என்ற நிலை இருந்தது. நெல், அரிசி, உப்பு, விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் இதில்தான் பட்டணத்துக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கோல் ஊன்றுவார்கள், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். டீசல் செலவே கிடையாது.

லாரி வந்தது, புயல்கள் கரையை உடைத்தன, தூர்வாருவது நின்றது. நகரத்துக்குள் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நட்டார்கள். 2008-ல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி-4-ன் ஒரு பகுதியாக மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததே தவிர, சென்னைக்குள் ஒரு மூட்டை நெல்கூட அதில் வரவில்லை. கால்வாயில் ஓடுவது என்னவோ வீட்டுக் கழிவுநீர்தான்.

நல்ல தண்ணீர் எங்கே போகிறது?

கூவம் சாக்கடையாகப் பிறந்த ஆறு அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊரே இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அதுதான். அந்த ஊர் ஏரியின் உபரிநீரும், தக்கோலம் அருகே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து வரும் தண்ணீரும் சேர்ந்ததுதான் கூவம் ஆறு. மொத்தம் சுமார் 72 கிலோமீட்டர். அதில் 40 கிலோமீட்டர் கிராமங்கள் வழியாகத்தான் வருகிறது. அங்கே அது மணல் ஆறு. மழை பெய்தால் தெளிந்த தண்ணீர் ஓடும், கரையில் நெல் விளையும்.

பிறகு அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகிறது? கொசஸ்தலையின் தண்ணீர் பெரும்பாலும் பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-ல் சென்னையின் குடிநீருக்காகக் கட்டிய ஏரி அது. கூவத்தில் வருகிற வெள்ளத்தையும் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்து, பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறார்கள். அதுவும் குடிநீருக்குத்தான், தவறு சொல்ல முடியாது. ஆனால், விளைவு என்ன? மழைக்காலத்தின் சில வாரங்களைத் தவிர, நகரத்துக்குள் நுழையும் கூவத்துக்குச் சொந்தத் தண்ணீர் என்று எதுவும் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் விடாமல் பயிரைக் குறை சொல்வது மாதிரிதான், கூவத்தைக் குறை சொல்வது.

காலியான ஆற்றுப்படுகையில் கழிவுநீர் நிரம்புகிறது. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கொடுத்த கக்கூஸ் இணைப்புகள், லாரியில் கொண்டுவந்து ஊற்றும் கழிவு என்று பல வழிகள். ஆற்றில் குளிக்கத் தகுதி என்று சொல்ல, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி எனப்படும் அழுக்கின் அளவு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாக்கடை அதிகமானால், அதைத் தின்னும் நுண்ணுயிரிகளே ஆக்ஸிஜன் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அடியில் சேறு அழுகி, அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழ் விடும். இதில் துடுப்புப் போட்டால் அந்தச் சேற்றைக் கலக்கிவிட்ட மாதிரிதான்.

முகத்துவாரத்திலும் சிக்கல் இருக்கிறது. துறைமுகம் கட்டிய பிறகு, கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து கொண்டுவரும் மணல் அங்கேயே தேங்குகிறது. மெரினா அகலமானது இதனால்தான். அதே மணல் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. உள்ளிருந்து தள்ள வெள்ளம் இல்லை. கடல் ஏற்றமும் இங்கே ஒரு மீட்டர் அளவுதான். முட்டுக்காட்டில் படகு ஓடுகிறதென்றால், அங்கே கடலும் உப்பங்கழியும் இன்னும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுதான் முக்கியக் காரணம்.

புயலுக்குப் பிறகு...

ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெருமழை இறங்கியதும் ஆறு மாதக் குப்பை மொத்தமாகக் கிளம்பும். தெர்மாகோல், பாட்டில், மெத்தை, வாழைத்தண்டு, ஆகாயத்தாமரை, முறிந்த மரக்கிளை எல்லாம் பாலத்தின் தூணில் போய் அடையும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைச் சென்னை மறந்திருக்காது. குப்பையைப் பிடிக்கக் கூவத்தின் குறுக்கே மிதவைத் தடுப்புகள் போட்டிருக்கிறார்கள். அவை மிதப்பதைத்தான் பிடிக்கும். கரைந்து வருவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மாதிரி தண்ணீரில் விரும்பிப் படகு விடுகிறவர் யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் விட்டவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஜனங்களைக் காப்பாற்றினார்கள். மழைநீரும் சாக்கடையும் கலந்த தண்ணீர் அது. பிளாஸ்டிக் பையும் துணியும் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகு அப்படியே நின்றுவிடும். கலங்கல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கிளையும் கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கோல் ஊன்றிப் போவதுதான் பத்திரம். விசிறியில் சிக்கியதை எடுப்பதென்றால், முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். வெறுங்கையால் எடுக்கக் கூடாது.

‘சத்துத் தண்ணீர்’ என்று பாய்ச்சலாமா?

கூவம் மட்டுமல்ல, பேரூராட்சி தாண்டி வரும் எந்த ஓடையின் கரையிலும் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. கழிவுநீரில் தழைச்சத்து இருப்பது உண்மைதான். ஆனால், அளவு நம் கையில் இல்லை. நெல் கருகருவென்று செழித்து வளர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். பூச்சியும் கூடுதலாக வரும். கீரை, வெள்ளரி, கொத்தமல்லி போன்று பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்குச் சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாய்ச்சவே கூடாது. குடற்புழு முட்டையும் நோய்க்கிருமியும் இலையிலேயே ஒட்டிக்கொண்டு சமையலறை வரை வரும். தொழிற்சாலைக் கழிவும் கலந்திருந்தால் கன உலோகங்கள் மண்ணிலேயே தங்கிவிடும். திரும்ப எடுப்பது மிகவும் கடினம். அந்த ஆற்றில் அள்ளிய ஆகாயத்தாமரையை மட்க வைத்துப் போடுவதற்கும் இதே எச்சரிக்கை உண்டு.

படகு மறுபடியும் ஓட வேண்டுமென்றால், வேலை கூவம் ஏரியில் தொடங்க வேண்டும். வரத்துக்கால்களைத் தூர்வாரி, ஏரியின் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிய வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் தன் சாக்கடையை ஆற்றில் விடாமல் நிறுத்த வேண்டும். நகரத்தில் சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை ஆற்றுக்கே திருப்பி விடலாம். படகுத்துறையைக் கடைசியில் கட்டினால் போதும். ஏற்கெனவே ஒருமுறை அதை முதலில் கட்டிப் பார்த்தாகிவிட்டது.

வரும் மழைக்கு முன்னால் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது, சிறு பாலங்களுக்கு அடியில் அடைத்திருக்கும் சீமைக்கருவேலத்தையும் குப்பையையும் புரட்டாசிக்குள் அகற்றுவது. வெள்ளத்தில் படகிலோ பரிசலிலோ போக நேர்ந்தவர்கள், காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதன்பின் 2, 3 வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மாடு கட்டும் இடத்தில் வெள்ளம் புகுந்திருந்தாலும் இதே கவனம் தேவை. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், “வெள்ளத் தண்ணீரில் இறங்கினேன்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.