கத்திக்கு முன்னால் கழியும் மாதங்கள்

சிவகாசிக்குப் பேரியம் புதிதல்ல. வாணவெடி வானத்தில் பச்சையாக விரிவதற்குக் காரணமான பேரியம் நைட்ரேட் பல பத்தாண்டுகளாக இந்த ஊரின் மருந்து அறைகளில் புழங்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, டீக்கடை முதல் பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை வரை அதே பேச்சாக இருந்தது. அந்தப் பேரியத்துக்கு இன்னொரு உப்பு உண்டு: பேரியம் சல்ஃபேட். நைட்ரேட் நீரில் கரையும்; உடலுக்குள் போனால் விஷம். சல்ஃபேட் கரையாது; குடித்தால் குடலில் ஏறாமல் அப்படியே வெளியே போய்விடும். எக்ஸ்-கதிர் அதை எளிதில் ஊடுருவாது என்பதால், அது படிந்த இரைப்பையின் உட்சுவர் படத்தில் மேடு பள்ளத்தோடு தெரியும்.

1960-களில் ஜப்பானியர்கள் இந்த வெள்ளைக் கலவையையும் வேனில் பொருத்திய எக்ஸ்ரே கருவியையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்த நாட்டில் மிக அதிகமானோரைக் கொன்ற புற்றுநோய் அப்போது இரைப்பைப் புற்றுநோய்தான். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் வயிற்றில், உட்சுவரின் மேலடுக்குகளைத் தாண்டாத சின்னஞ்சிறு புற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டத்தில் அறுவை செய்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். இன்று அத்தகைய மிகச் சிறிய புற்று சிலவற்றை வயிற்றைத் திறக்காமல், வாய்வழியே செலுத்தும் எண்டோஸ்கோப்பாலேயே சீவி எடுத்துவிடுகிறார்கள். தென்கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை அரசுத் திட்டமாகவே நடக்கிறது.

நம் ஊரில் நிலைமை வேறு. சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்திவரும் பதிவேட்டில், ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இரைப்பைப் புற்று நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. இந்தியாவில் வடக்கைவிடத் தெற்கில் இது அதிகம்; மிசோரத்தில் இன்னும் அதிகம். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் சுவரைத் துளைத்து வெளியே வந்த பிறகுதான் பெயர் தெரிகிறது.

அந்தத் தாமதம் எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சிவகாசியில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் காலை நேரத்தில் நின்றால் போதும். ஆலைப் பேருந்து வருவதற்கு முன், "அண்ணாச்சி, வயித்தெரிச்சலுக்கு அந்த மாத்திரை நாலு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. காலையில் சாப்பிடாமல் கிளம்புகிறோம், அதனால் அல்சர் என்பது அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் விளக்கம். பெரும்பாலும் அது சாதாரண வயிற்றுப் புண்ணாகவோ அமிலத் தொல்லையாகவோதான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப் புண்ணின் எரிச்சலையும் சில வாரங்களுக்கு அடக்கிவிடும். புண்ணின் மேற்பரப்பு தற்காலிகமாக ஆறியதுபோலக்கூடக் காட்டும். மாத்திரை கேட்கிறது, வலி நிற்கிறது, மாதங்கள் போகின்றன.

பெண்களுக்கு இன்னொரு மறைப்பு இருக்கிறது. முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கினால், ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அந்தச் சோகைக்கு மாதவிடாயும் சாப்பாட்டுக் குறைவும்தான் பொதுவான காரணம் என்பது உண்மை. ஆனால் இரைப்பைப் புற்றிலிருந்து தினமும் சொட்டுச் சொட்டாகக் கசியும் ரத்தமும் அதே சோகையைத்தான் தரும். மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், மாத்திரை தொடங்கும் முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.

எதனால் வருகிறது? பட்டாசு மருந்தின் மேல் கைகாட்டுவதற்கு முன், நிரூபணமானவற்றைப் பார்க்கலாம். முதலிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுக்கு. இரைப்பை அமிலத்திலும் உயிர்வாழும் இந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதியான புற்றுக் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியரில் மிகப் பலரின் வயிற்றில் இது இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. அழற்சி, சுவர் மெலிதல், இரைப்பைத் தோல் குடல் தோல்போல மாறுதல் என்று பல ஆண்டுகள் படிப்படியாக நகர்ந்து புற்றில் முடிகிற அந்தப் பாதையில் புகையிலையும் உப்பும் வேகத்தைக் கூட்டுகின்றன. சென்னையில் கஜலட்சுமியும் டாக்டர் வி. சாந்தாவும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, புகைப்பவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியது. உப்பில் ஊறிய கருவாடும் ஊறுகாயும் அளவோடு இருப்பது நல்லது. விருதுநகர் சந்தையின் பெருமையான மிளகாய் வத்தலைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதைக் குற்றவாளியாக்க என் மனம் ஒப்பவில்லை.

இனி அறுவை. 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத், 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பையிலிருந்து புற்றுள்ள பகுதியை வெட்டி எடுத்து, மீதியைச் சிறுகுடலோடு இணைத்தார். அவருக்கு முன் முயன்ற இருவரின் நோயாளிகள் பிழைக்கவில்லை. இந்தப் பெண் பிழைத்து வீடு திரும்பினார். நான்கு மாதம் கழித்து இறந்தார். தையல் பிரியவில்லை, நோய் ஏற்கெனவே வேறிடத்தில் பரவியிருந்தது. அறுவை வெற்றி, நோயாளி இல்லை என்ற அந்த இடைவெளியை அடைப்பதுதான் அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சி முழுவதும்.

இரைப்பையை ஒட்டி ஓடும் ரத்தக் குழாய்களின் ஓரம் முழுக்க நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. புற்று முதலில் தங்குவது அங்கேதான். கரிசல் காட்டில் கோரை எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும்: மேலே உள்ள புல்லைப் பறித்தால் போதாது, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வர வேண்டும். ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் இரைப்பையை ஒட்டிய முடிச்சுகளோடு நிற்காமல், ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும் பெருங்குழாய்களைச் சுற்றியுள்ள முடிச்சுகளையும் வழித்தெடுத்தார்கள். இதற்கு டி-2 என்று பெயர். ஐரோப்பியர் நம்பவில்லை. 1989-இல் தொடங்கி நெதர்லாந்தில் 711 பேரிடம் இதையும், இரைப்பையை ஒட்டிய முடிச்சுகளோடு நிற்கும் சிறிய அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முதல் முடிவு கசப்பாக இருந்தது: டி-2 செய்துகொண்டவர்களில் 100-க்கு 10 பேர் அறுவையை ஒட்டியே இறந்தார்கள், சிறிய அறுவையில் 4 பேர். மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்து எடுத்ததும், கைகளுக்குப் பழக்கம் போதாததும் முக்கியக் காரணங்கள். பலர் டி-2-வைக் கைவிட்டார்கள். 15 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது கதை திரும்பியது. இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் டி-2 பிரிவில் 100-க்கு 37, மற்றதில் 48. ஜப்பானில் 2008-இல் வெளியான 523 பேர் கொண்ட ஆய்விலோ, இதே அளவு விரிந்த அறுவையில் இறந்தவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் சுமார் 70 பேர்.

இரண்டு நாட்டிலும் அறுவை ஒன்றுதான். வேறுபாடு, அதை எத்தனை முறை செய்து பழகிய கைகள் என்பதில். ஆண்டுக்கு ஒன்றிரண்டு இரைப்பை அறுவை நடக்கும் இடத்தைவிட, வாரந்தோறும் நடக்கும் இடத்துக்குப் போவது நல்லது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்னோடி மரபு இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பேராசிரியர் ரங்கபாஷ்யம் இரைப்பை குடல் அறுவைக்கென்றே தனித்துறை கண்டார். அந்த வழியில் பயின்றவர்கள் மாநிலமெங்கும் பரவினார்கள். சிவகாசிக்காரருக்கு மிக அருகில் அத்தகைய துறை இருப்பது மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவு அதில் அடங்கும்.

"கத்தி வச்சா பரவிடும்" என்ற பேச்சு இந்த வட்டாரத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. "தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க, மூணு மாசத்துல போயிட்டாரு" என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவரைக் காட்டுவார்கள். அவர்கள் கண்டது பொய்யல்ல. வயிற்றின் உள்ளுறையில் மணல் தூவியதுபோலப் பரவிய புற்று, சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம். திறந்த பிறகே தெரியும், மூடுவதைத் தவிர வழி இருக்காது. கத்தி பரப்பவில்லை, பரவியதைக் கத்தி காட்டிவிட்டது. இதற்காகத்தான் இப்போது முதலில் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். பரவியிருந்தால் பெரிய அறுவையே வேண்டாம். ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பரவிய நிலையில் கீமோதெரபியோடு இரைப்பையை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது.

பரவாமல், ஆனால் சுவரைத் துளைத்திருந்தால், கீமோ முதலில் வருகிறது. ஜெர்மனியில் 716 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நான்கு மருந்துக் கூட்டை அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று கொடுத்தார்கள். பழைய மருந்துக் கூட்டில் பாதிப் பேர் 35 மாதம் தாண்டினார்கள் என்றால், இதில் 50 மாதம். "மொதல்ல கட்டிய எடுங்க டாக்டர், மருந்து அப்புறம் பாத்துக்கலாம்" என்று குடும்பத்தார் அவசரப்படுவது இயல்பு. ஆனால் அறுவைக்கு முன் கீமோவுக்குப் போகும் இரண்டு மாதம் வீணாவதில்லை.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. இரைப்பை முழுவதும் போனால், உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். தேக்கிவைக்க இடமில்லை. ஒரு இட்லி, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, நடுவில் அவித்த முட்டை, நாளைக்கு ஆறு வேளை. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் தள்ளிக் குடிக்க வேண்டும். பழக்கத்தில் சர்க்கரை போட்ட காப்பியை மடமடவென்று குடித்தால், அரை மணிக்குள் வியர்த்து, படபடத்து, படுத்துவிட வேண்டியிருக்கும். வைட்டமின் பி-12 உடலில் ஏற உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. அது போனபின் ஆயுள் முழுக்க ஊசியோ, அதிக அளவு மாத்திரையோ வேண்டும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஊசியை நிறுத்துகிறவர்களுக்குப் பின்னாளில் கால் மரத்துப் போகும்.

இப்போது இப்படி இரைப்பையை இழந்த ஒருவரைப் பட்டாசு ஆலைக்குத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். மருந்து அறையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. வெளியே வந்து கை கழுவித்தான் சாப்பிட வேண்டும். செய்த உருப்படிக்குத்தான் கூலி. ஆறு முறை எழுந்து போகிறவருக்கு வார சம்பளம் பாதியாகும். அவரை பேக்கிங்குக்கு மாற்றி, நாள்கூலி கொடுத்து, சாப்பாட்டு நேரத்தை அவர் விருப்பத்துக்கு விடுவது நிர்வாகத்துக்குப் பெரிய சுமை அல்ல. அதைச் செய்யாவிட்டால், அறுவையில் பிழைத்தவர் எடை குறைந்தே மெலிந்து போவார்.

கண்டுபிடிப்பதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு நல்ல காலம் உண்டு. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். அப்போது எண்டோஸ்கோபிக்குப் போவதால் கூலி போகாது. சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் அந்த வாரங்களைக் குறிவைத்து முகாம் போடலாம். எல்லோருக்கும் குழாய் விட வேண்டியதில்லை. 40 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த வயிற்றெரிச்சலா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா, அடிக்கடி வாந்தியா, விழுங்கச் சிரமமா, மலம் கறுத்ததா, வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்க ஒரு கிராமச் செவிலியர் போதும். ஒன்றுக்கு 'ஆமா' என்றாலும், ஆலை திறப்பதற்குள் எண்டோஸ்கோபிக்குத் தேதி எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும்.