வென்டிலேட்டரில் இருப்பவரை தினமும் எழுப்பிப் பார்ப்பது ஏன்? மயக்க மருந்தை நிறுத்தினால் ஆபத்தா?

ஐசியூ வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, “எப்போ கண்ணு முழிப்பாங்க?” என்பதுதான். கண் திறக்காமல் இருப்பதற்கு நோய் மட்டுமே காரணமில்லை. பல நேரங்களில் மருந்தும்தான்.

தொண்டைக்குள் குழாய் இருந்தால் வலிக்கும், பயமாக இருக்கும். அதனால் மிடாசோலம், புரோபோஃபால் போன்ற மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். சிக்கல் என்னன்னா, நாள் கணக்கில் ஏற்றும்போது மருந்து உடலில் தேங்கிவிடும். சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் மோசம். மருந்தை நிறுத்திய பிறகும் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

2000-ல் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 128 நோயாளிகளிடம் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி, விழிப்பு வருகிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது சராசரியாக 4.9 நாள். மற்றவர்கள் 7.3 நாள். இன்னொரு சுவாரசியமான விஷயம்: மயக்கத்திலேயே இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு, ‘மூளையில் ஏதாவது பிரச்னையா’ என்று ஸ்கேன் போன்ற பரிசோதனைகள் தேவைப்பட்டன. எழுப்பிப் பார்த்தவர்களில் அது 9 சதவீதம்தான். அந்தச் செலவும் அலைச்சலும் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை!

2008-ல் அமெரிக்காவின் 4 மருத்துவமனைகளில் 336 பேரிடம் அடுத்த ஆய்வு. காலையில் மருந்தை நிறுத்தி எழுப்புவது, தாங்கினால் அப்படியே தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பது. இப்படிச் செய்யப்பட்டவர்களில் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் அதிகம். குழாயைத் தாங்களே பிடுங்கிக்கொண்டவர்களும் அதிகம்தான். ஆனால் மறுபடி குழாய் போட வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடவில்லை.

அப்போ மயக்க மருந்தே வேண்டாமா? அப்படியும் இல்லை. 2020-ல் வெளியான ஆய்வில் டென்மார்க், நார்வே, ஸ்வீடனைச் சேர்ந்த 700 நோயாளிகள் இருந்தார்கள். மயக்க மருந்து இல்லாத பிரிவில் 90 நாளுக்குள் 42.4 சதவீதம் பேர் இறந்தார்கள். லேசான மயக்கத்தில் வைத்து தினமும் எழுப்பிய பிரிவில் 37 சதவீதம். புள்ளியியல்படி இது பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும், மருந்தே இல்லாமல் விடுவதால் லாபம் எதுவும் தெரியவில்லை. லேசான மயக்கம் போதும் என்பதுதான் இப்போதைய வழக்கம்.

எல்லோரையும் எழுப்பவும் முடியாது. மூளைக்குள் அழுத்தம் கூடியவர்கள், தொடர் வலிப்புக்காக மயக்கத்தில் வைக்கப்பட்டவர்கள், தசை தளர்த்தும் மருந்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. அதனால் பக்கத்து பெட்காரரோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். “இன்னிக்கு மருந்தைக் குறைச்சுப் பார்ப்பீங்களா, முடியாதுன்னா என்ன காரணம்?” என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

விழிக்கும்போது சிலர் இருமுவார்கள், கையை உதறுவார்கள், ஆளை அடையாளம் தெரியாமல் முழிப்பார்கள். உள்ளே அனுமதித்தால் பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு இந்தக் கிழமை என்று சொல்லுங்கள். கண்ணாடி, காது மிஷின் போடுபவர் என்றால் அதையும் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.