அரக்கர் உலகின் பேரேடு

சப்பானின் கிஃபு மாகாணத்தைச் சேர்ந்த நிப்பான் இச்சி என்னும் நிறுவனம் 2003ஆம் ஆண்டு பிளேஸ்டேசன் 2 கருவிக்கென ஓர் உத்தி விளையாட்டை வெளியிட்டது. ஆங்கிலம் வழங்கும் நாடுகள் அதனை 'டிஸ்கேயா' என்று அறியும். 2006இல் அது பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவிக்கு மாற்றப்பெற்றது. மறு ஆண்டே அதன் ஆங்கில வடிவமும் வந்தது. புதுச்சேரி மாநிலத்தின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த மடுகரை போன்ற ஊர்களுக்கு இத்தகைய கருவிகள் கடைவழியே வந்ததைக் காட்டிலும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினரும் வளைகுடாவில் பணிபுரிவோரும் விடுமுறைக்குக் கொணர்ந்த பெட்டிகளின் வழியே வந்ததே மிகுதி எனலாம். பிஎஸ்பியின் காலம் முடிந்துவிட்டது. விளையாட்டோ பிற கருவிகளுக்கும் கைப்பேசிக்கும் பெயர்ந்து இன்றும் ஆடப்படுகின்றது.

மடுகரையில் நாம் அறிந்த தந்தை ஒருவர், கொம்பும் வௌவாற் சிறகும் உடைய உருவங்களை மகனின் திரையில் கண்டு, "ஷைத்தான்களைக் கூட்டிவைத்துப் படை நடத்துகிறான், இதை வீட்டில் வைத்திருக்கலாமா?" என்று நம்மிடம் வினவினார். புறந்தள்ளத்தக்க வினா அன்று அது. பிள்ளையின் நாள்களை எது கொண்டு செல்கின்றது என்பதை அறிய விழையும் தந்தையின் வினா. அதற்கு விடை கூறுமுன் அந்தப் பிள்ளையை ஈர்ப்பது எது என்பதைத் தெளிதல் வேண்டும்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். அதன் சப்பானியப் பெயர் 'மக்காய் சென்கி'. 'சென்கி' என்பது போர் வரலாறு. நம் புலவர்கள் வழங்கிய சொல்லால் கூறின் 'படைப்போர்'. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து ஆகியவற்றோடு படைப்போரையும் தமிழுக்குப் புதிய இலக்கிய வகையாகத் தந்தவர் இசுலாமியப் புலவர்களே என்பதை வாசகர் அறிவர். 'மக்காய்' என்பதோ 'ம'க்களின் உலகம். இந்த 'ம' என்னும் எழுத்து, பௌத்தம் சீனம் புகுந்த காலத்தில் 'மாரன்' என்னும் வடசொல்லை எழுதுவதற்கென்றே சீனர் ஆக்கிக்கொண்டது. புத்தரின் தவத்தைக் குலைக்க வந்த அதே மாரன்தான். தமிழில் அவன் காமனோடு ஒன்றிப் போனான். கிழக்கே சென்று பேய், பூதம், அரக்கர் அனைவர்க்கும் பொதுப்பெயர் ஆனான். ஆகவே, அத்திரையில் உலவும் உருவங்களை 'ஷைத்தான்' என்று பெயர்ப்பது பொருந்தாது. நம் மரபில் ஷைத்தான் மனிதனை வழிகெடுக்க உறுதி பூண்ட பகைவன். ஜின்களோ மனிதரைப் போன்றே பொறுப்புச் சுமத்தப்பெற்ற படைப்பினம். அவர்களிலும் நல்லோர் தீயோர் உண்டு என்பதைக் குர்ஆனின் எழுபத்திரண்டாம் அத்தியாயம் உரைக்கின்றது. பாரசீகக் கதைகளின் 'தேவ்'களோ வேறு. அவை கதைஞர்கள் வளர்த்தெடுத்த அரக்கர். நிப்பான் இச்சியாரின் உருவங்கள் இந்த மூன்றாம் வகையினரோடுதான் உறவாடுகின்றன.

கதை எளியது. கீழுலக மன்னன் இறக்கின்றான். ஈராண்டு உறங்கிக் கிடந்த அவன் மகன் லஹார்ல் விழித்தெழுந்து, எட்னா என்னும் பணிப்பெண்ணோடு அரியணையைக் கைப்பற்றப் புறப்படுகின்றான். மன்னனைக் கொல்லும்படி மேலுலகம் அனுப்பிய பயிற்சி வானவளாகிய ஃபிளான் வந்து சேரும்போது மன்னன் முன்பே இறந்துவிட்டதை அறிகின்றாள். அரக்கரிடத்தும் அன்பு உண்டா என்று கண்டறிய அங்கேயே தங்கிவிடுகின்றாள். 'அன்பு' என்னும் சொல்லைக் கேட்டாலே லஹார்லுக்கு உடல் கூசும். எட்னாவோ ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் தன்னையே கதைத்தலைவியாக்கி, ஒருபோதும் நிகழாத அடுத்த அத்தியாயத்திற்கு முன்னறிவிப்புச் செய்வாள். தென்னார்க்காடு, புதுவை வட்டாரங்களின் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்தோர்க்கு இந்தக் குரல் பழக்கமானதே. செம்முகம் தீட்டிய துரியோதனன் திரைக்குப் பின்னின்று முழங்கியபடி வருவான். கட்டியங்காரன் அவனிடமே கேலி பேசுவான். ஊர் அச்சமும் சிரிப்புமாக அமர்ந்திருக்கும். அதனால் எவரும் துரியோதனனை வழிபடுவோர் ஆகிவிடவில்லை. அரக்கன் என்பது இங்கு ஒரு வேடம். நல்லவனாக நடிக்க வேண்டிய சுமையை இளைஞனின் தோளிலிருந்து சற்றே இறக்கிவைக்கும் வேடம்.

எனினும் வேடத்தின் சுவை சில நாள்களில் தீர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஒருவனை இருத்திவைப்பது அதுவன்று. அதனை விளங்கிக்கொள்ள ஆட்டத்தின் உள்ளமைப்பைக் காண வேண்டும்.

களம் சதுரங்கப் பலகையைப் போன்று கட்டங்களால் ஆனது. ஆட்டக்காரர் தம் வீரரை முறை வைத்து நகர்த்துவார். பின்னர்ப் பகைவர் நகர்வர். சில கட்டங்களுக்கு நிறம் உண்டு. ஒரு நிறத்தில் நிற்போர்க்கு வலிமை பெருகும். வேறொரு நிறத்தில் நிற்போரை எதுவும் தாக்காது. நிறத்துக்கு ஆற்றல் தரும் கல்லை உடைத்தால் அந்நிறம் முழுவதும் வேறாக மாறி, அடுத்தடுத்துச் சங்கிலியாக வெடிக்கும். புதுச்சேரியின் வரைபடத்தை உற்று நோக்கியவர்க்கு இது வியப்பளிக்காது. மடுகரையிலிருந்து புறப்பட்டுச் சில கல் தொலைவு சென்றால் ஒரு துண்டு புதுவை, அடுத்த துண்டு விழுப்புரம் மாவட்டம், மீண்டும் புதுவை. சட்டமும் வரியும் நிலத்துண்டுக்கு ஏற்ப மாறும்!

வீரர் ஒவ்வொருவர்க்கும் நிலை ஒன்று உண்டு. கதையை முடிக்க நூறு அளவான நிலையே போதும். ஆட்டம் அனுமதிக்கும் உச்சமோ 9999. அவ்வுச்சியை எட்டியவன் 'இருளவை' என்னும் மன்றத்தில் மனுக் கொடுத்து மீண்டும் முதல் நிலையிலிருந்து பிறக்கலாம். முன்னைய உழைப்பின் ஒரு பகுதி அவனோடு வரும். அந்த அவையின் உறுப்பினர்கள் கையூட்டுப் பெற்று வாக்களிப்பர்; மறுப்போரை அடித்துப் பணிய வைக்கவும் இயலும். இவ்விடத்தில் சிரிக்காத இந்திய ஆட்டக்காரர் இருப்பார் என்று நாம் கருதவில்லை.

இவற்றினும் வியப்புக்குரியது 'பொருளுலகம்'. வீரன் கையிலுள்ள வாள், கேடயம், மருந்துக்குப்பி என ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஓர் உலகம் இருக்கின்றது. உள்ளே புகுந்து அடுக்கடுக்காக இறங்கிப் போரிட்டால் அப்பொருள் வலிமை பெறும். மிக அரிய பொருளுக்கு நூறு அடுக்கு. இதனைக் கண்டதும் நமக்கு நினைவில் எழுந்தவர் அம்ரு அய்யார். அமீர் ஹம்ஸாவின் தாஸ்தானில் அவரது தோழராக வரும் தந்திரக்காரர் அவர். அவருடைய 'ஸன்பீல்' என்னும் பைக்குள் நகரங்களும் மாந்தரும் அடங்கியிருப்பர். அந்தத் தாஸ்தானின் 'திலிஸ்ம்'களும் இத்தகையனவே. மாயவித்தையால் கட்டப்பெற்ற அவ்வுலகங்களுக்கெனத் தனி விதிகள் உண்டு. விதியறிந்தவனே அவற்றை உடைத்து வெளியேற இயலும். பேரரசர் அக்பர் இந்தக் கதைக்கு ஏறத்தாழ 1400 ஓவியங்களைத் தீட்டுவித்தார். இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 46 தொகுதிகளாக அதனை உருதுவில் வெளியிட்டது. ஆக, முடிவின்றி விரியும் தேவ்களின் உலகம் நம் சமூகத்துக்குப் புதுவதன்று. தாஸ்தானில் கதை சொல்வோன் விரித்துக்கொண்டே செல்வான். இங்கு ஆட்டக்காரனே விரித்துக்கொள்கின்றான்.

ஆனால் தாஸ்தானில் இல்லாத ஒன்று இங்கு உண்டு, அதுதான் கணக்கு. ஓங்கிய வாளுக்கு ஓர் எண். பட்ட அடிக்கு ஓர் எண். தோற்றோடிய களத்திலும் ஈட்டியது ஏட்டில் ஏறியிருக்கும். எந்த உழைப்பும் வீணாவதில்லை. மடுகரை இளைஞனின் புறவுலகை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படிப்பவனுக்கு அப்படிப்பு எங்கும் வரவு வைக்கப்படுவதில்லை. தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவன் ஆறு ஆண்டு கழிந்தும் முதல் நிலையிலேயே நிற்பான். புதுவையின் பெருமையாக விளங்கிய ஏஎஃப்டி பஞ்சாலை 2011இன் இறுதியில் வீசிய தானே புயலில் சேதமுற்று, பின் நலிந்து, 2020இல் மூடப்பட்டதைக் கண்ட வீடுகளில் 'உழைத்தால் உயரலாம்' என்னும் சொல் எவ்வாறு ஒலிக்கும்? அங்ஙனம் வளர்ந்தவன் கையில், உழைப்பனைத்தையும் எண்ணித் திருப்பித் தரும் ஓர் உலகத்தை வைத்தால் அவன் அதனைக் கீழே வைப்பானா? அரக்கர் அவனை மயக்கவில்லை. நேர்மையான பேரேடு ஒன்றே மயக்குகின்றது. அப்பேரேடு நரகத்தில் கிடைக்கின்றது என்பதுதான் இதிலுள்ள கசப்பான நகை.

பேரேட்டுக்கு மறுபக்கமும் உண்டு. பிரின்னி என்னும் பணியாளர் கூட்டம் ஒன்று ஆட்டமெங்கும் காணப்படும். பெங்குவின் பறவையைப் போன்ற தோலுறைக்குள் வைத்துத் தைக்கப்பெற்ற மனித உயிர்கள் அவர்கள். வாழ்ந்த காலத்தில் குற்றம் புரிந்தோர். அற்பக் கூலிக்கு உழைத்துக் கடனைத் தீர்த்தால் செந்நிலவு தோன்றும் இரவில் விடுதலை. தூக்கி எறிந்தால் வெடித்துவிடுவர். ஆட்டக்காரர் சிரித்தபடியே எறிவர். இந்த மறுபிறப்புக் கொள்கை நம்முடையதன்று. ஆயினும் செய்த வினை எங்கோ எழுதப்பட்டுள்ளது என்ற அச்சம் அச்சிரிப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பதை மறுப்பதற்கில்லை.

அந்த அச்சத்தை ஆட்டமே ஓரிடத்தில் மெய்ப்பிக்கின்றது. ஆட்டக்காரர் தம் படையைச் சேர்ந்தவரையே தம் தாக்குதலால் கொல்ல நேர்ந்தால், அது கவனக் குறைவால் நேர்ந்ததாயினும், எண்ணப்படும். கதை அதுபற்றி வாய் திறப்பதில்லை. இறுதியில், அரக்கரோடு உறவு பூண்ட குற்றத்துக்காக ஃபிளானை மேலுலகத் தலைவர் மலராக மாற்றிவிட, லஹார்ல் வெகுண்டு அவர்முன் நிற்கின்றான். அவ்வெண்ணிக்கை சுழியமாக இருந்தால் மட்டுமே அவன் கை ஓங்காமல் தாழும். ஒரே ஓர் உயிர் கணக்கில் ஏறியிருப்பினும் அந்த நன்முடிவு அடைபட்டுவிடும். வெளிப்படையான ஏட்டில் 9999 இருந்தும் பயனில்லை. மேற்குறித்த தந்தையின் மகன் இதனை நமக்கு விளக்கியபோது அவன் குரலில் இருந்த வியப்பு போலியன்று. "எனக்கு யாரும் சொல்லவேயில்லை, ஐயா, ஆனால் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது" என்றான். இடத்தோளிலும் வலத்தோளிலும் எழுதுவோர் இருவர் உளர் என்று மதரசாவில் ஓதியவன் அவன்.

ஆகவே உருவங்களைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. தந்தைக்கும் அவ்வாறே கூறினோம். நாம் அஞ்சுவது பிறிதொன்றை. சதுரங்கத்தைப் பற்றி ஆய்ந்த நம் சட்ட அறிஞர்கள் காய்களின் உருவத்தோடு நின்றுவிடவில்லை. பந்தயம் உண்டா, தொழுகை தவறுகின்றதா என்றே பெரிதும் கேட்டனர். ஷாஃபிஈ மத்ஹபினர் அவ்விரண்டும் இல்லாதவிடத்து அதனை விலக்கப்பட்டது எனாது, விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினர். பக்தாதில் அஸ்ஸூலியைப் போன்ற வல்லுநர் அதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். சதுரங்கத்தில் அரசன் வீழ்ந்தால் ஆட்டம் முடியும். டிஸ்கேயாவிலோ கதை முடிந்த பின்னரே ஆட்டம் தொடங்குகின்றது என்பர் அதன் அன்பர். பொருளுலகில் பத்து அடுக்குக்கு ஒருமுறைதான் வாயில் திறக்கும். இடையில் வெளியேறத் தனியொரு பொருள் வேண்டும். பிஎஸ்பியின் விசையைத் தள்ளினால் கருவி உறங்கும். பேருந்து வந்ததும் நிறுத்தலாம், இருக்கையில் அமர்ந்ததும் தொடரலாம். எளிதாக நிறுத்த இயல்வது எளிதாகத் தொடரவும் இயல்கின்றது. கையடக்கக் கருவிக்கு இவ்விளையாட்டு இத்துணைப் பொருந்தியதன் காரணமும் அதுவே. அன்றைய பிஎஸ்பியில் மெய்யாக இருந்தது இன்றைய கைப்பேசியில் பன்மடங்கு மெய்.

அமீர் ஹம்ஸாவும் தேவ்களை அடக்கக் காஃப் மலைக்குப் புறப்பட்டபோது பதினெட்டு நாளில் திரும்புவதாகவே மெஹர் நிகாரிடம் சொல்லிச் சென்றார். போர்கள் அனைத்திலும் வென்றார். அவர் திரும்பி வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.