ஜப்பானில் பிசினஸ் படிப்பு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

"மொழியும் கத்துக்கலாம், பிசினஸ் டிகிரியும் வாங்கலாம், பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்." பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூட்டோடு ஜப்பான் ஏஜென்டுகள் பெற்றோரிடம் சொல்வது இந்த மூன்றும்தான். முதல் இரண்டும் நடக்கக்கூடியவை. மூன்றாவதை நம்பி நகையை அடகு வைத்தவர்கள்தான் அங்கே போய்த் திண்டாடுகிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மாணவர் விசாவில் போனவர் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்கும் குடிவரவுத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம். 2025இல் அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தின் தேசியச் சராசரி மணிக்கு 1,121 யென். நான்கு வாரமும் லீவு போடாமல் உழைத்தால் சுமார் 1.25 லட்சம் யென் வரும். அறை வாடகை, சாப்பாடு, ரயில் செலவு, கட்டாய சுகாதாரக் காப்பீடு எல்லாம் இதில்தான். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வகுத்துள்ள ஆண்டுக் கட்டணமே 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென் தனி. தனியார் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் 10 லட்சம் யென்னைத் தாண்டும். பற்றாக்குறையைச் சமாளிக்க 28 மணி நேரத்தை மீறினால் விசா நீட்டிப்பு மறுக்கப்படலாம், நாட்டைவிட்டே அனுப்பலாம். மீறி வேலை வாங்கிய முதலாளியும் குற்றவாளிதான். ஆனால் விமானம் ஏற வேண்டியவர் மாணவர்.

அடுத்து, ஏஜென்ட் 'காலேஜ்' என்று சொல்வது எதை? பெரும்பாலும் அது இந்த மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். பல்கலைக்கழகம் நான்காண்டு இளங்கலைப் பட்டம் தரும். 'செம்மோன் காக்கோ' எனப்படும் தொழிற்கல்விப் பள்ளியில் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு, கிடைப்பது டிப்ளமோ போன்ற சான்று. மொழிப்பள்ளியில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு மொழி படிக்கலாம், பட்டம் எதுவும் கிடையாது. 'பிசினஸ் ஜாப்பனீஸ்' என்ற பெயரில் வருவது பல நேரம் இந்த மூன்றாவது வகைதான். அலுவலகத்தில் பேசவும் கடிதம் எழுதவும் அங்கே சொல்லித் தருவார்கள், நிர்வாகவியல் அல்ல.

இந்த வேறுபாடு படிப்பு முடிந்த பிறகுதான் உறைக்கும். பல்கலைக்கழகப் பட்டதாரி வேலை தேடுவதற்கென்றே விசா வாங்கி மொத்தம் ஓராண்டு வரை தங்கலாம். அலுவலக வேலைக்கான விசாவும் அவருக்குத் திறந்திருக்கிறது. தொழிற்கல்விப் பள்ளியில் படித்தவருக்குப் பொதுவாகப் படித்த பாடத்தோடு ஒட்டிய வேலையாக இருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு மொழிப்பள்ளி மட்டும் முடித்தவருக்கு அந்த அலுவலக விசாவுக்கான தகுதியே இல்லை. மொழிப்பள்ளியில்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றால், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் அந்தப் பள்ளிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பள்ளிகளுக்கு 2029 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் என்ற பெயர்ப்பலகை இருந்தால் போதுமா? போதாது. டோக்கியோ சமூகநலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் சுமார் 1,600 பேர் மூன்றாண்டுகளில் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போனது 2019இல் அம்பலமானது. பட்டப்படிப்பில் சேராத 'ஆய்வு மாணவர்' என்ற பிரிவில் ஆயிரக்கணக்கில் ஆளெடுத்திருந்தார்கள். அந்தச் சேர்க்கையை நிறுத்தும்படி அரசு சொன்னது. ஆகவே அனுமதிக் கடிதத்தில் பட்டத்தின் பெயர், துறையின் பெயர், எத்தனை ஆண்டு என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. பெப்பு நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டினர். நிர்வாகவியலை ஆங்கிலத்தில் படிக்கலாம், ஆனால் அப்படிப் படிப்பவர் ஜப்பானிய மொழிப் பாடங்களையும் எடுத்தே ஆக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாலும் இந்த மொழிப் பாடங்களைப் பற்றித்தான் துருவிக் கேட்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மொழி வகுப்பு, முடிக்கும்போது எந்த நிலைக்கு வருவார்கள்? ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கிவிட்டு மொழி அரைகுறையாக நின்றால், ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்2 நிலை கேட்கும் நிறுவனங்களின் கதவு திறக்காது. தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழருக்கு வாக்கியம் அமைப்பது அவ்வளவு சிரமமில்லை, கழுத்தை நெரிப்பது 'காஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகள்தான்.

அவசரம் இல்லாத குடும்பங்களுக்கு என் யோசனை வேறு. இங்கேயே பி.காம். அல்லது பிபிஏ சேர்ந்து, ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கும் ஜேஎல்பிடி தேர்வுகளை எழுதிப் பாருங்கள். பிறகு வேலை தேட யமஹா, கொமாட்சு என்று ஒரகடம், வல்லம் வடகால் பக்கமே ஜப்பானிய ஆலைகள் இருக்கின்றன. கையில் பட்டமும் என்2வும் இருந்தால் ஜப்பானில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஏஜென்ட் தயவே வேண்டாம்.

போவது என்றே முடிவானால் உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். விசாவுக்கு அடிப்படையான தகுதிச் சான்றுக்குப் பொதுவாகக் கல்வி நிறுவனமே ஜப்பான் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பிக்கிறது. 'விசா கியாரண்டி' என்று எவரும் சொல்ல முடியாது. வங்கி இருப்பைப் போலியாகக் காட்டித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகுங்கள், மாட்டினால் கெடுவது பிள்ளையின் பெயர். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, ஏஜென்டோ பள்ளியோ பிடித்து வைக்க உரிமையில்லை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். சென்னையில் ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது.

ஏப்ரலில் சேர வேண்டியவர் மார்ச் 31க்குள் விலகினால், முன்கூட்டிக் கட்டிய கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் பொதுவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2006 நவம்பரில் தீர்ப்பளித்தது. சேர்க்கைக் கட்டணம் மட்டும் திரும்ப வராது. அங்கே பகுதிநேர வேலையில் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மாணவர் என்றாலும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும்.

இங்குள்ள ஏஜென்ட் ஏமாற்றினால், காசு வாங்கிச் சேவை தருபவர் என்ற முறையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் அவர்மீது வழக்குப் போடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ரசீது, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.