எந்த உணவு, என்ன சூடு, எவ்வளவு நேரம்?

பார்சல் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு முக்கோணம், அதன் நடுவில் 5 என்ற எண். "ஃபுட் கிரேட் சார், நீங்களே பாருங்க" என்று கடைக்காரர் விரல் வைத்துக் காட்டுவது இதைத்தான். அந்த எண்ணுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கை வகை பிரிக்க, 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறி அது. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், அவ்வளவுதான். பெயிண்ட் வாளியின் அடியிலும் அதே 5 இருக்கும்.

டப்பாவுக்கு உண்மையான பரீட்சை ஆய்வகத்தில் நடக்கிறது. இந்தியாவில் அதற்கான முறை ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தர நிர்ணயம். சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற உணவு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அங்கே யாரும் டப்பாவில் சாம்பார் ஊற்றிப் பார்ப்பதில்லை. சாம்பாரில் ஏற்கெனவே நூறு சமாச்சாரம் கரைந்திருக்கிறது. அதில் பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? அதனால் உணவுக்குப் பதிலாக ஒரு திரவம். நீர்ப்பதமான பண்டத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், புளிப்புக்கு 3 சதவீத அசெட்டிக் அமிலம், எண்ணெய்ப் பண்டத்துக்கு ஹெப்டேன் என்ற கரைப்பான். நல்லெண்ணெயையே ஊற்றலாமே என்று தோன்றும். ஆனால் எண்ணெய் ஆவியாகாது. ஹெப்டேனோ சுலபமாகப் பறந்துவிடும், பிளாஸ்டிக் விட்டுச்சென்றது மட்டும் கிண்ணத்தின் அடியில் தங்கும். அதை எடை போடுகிறார்கள். சோதனையின் சாரம் இதுதான்.

அந்த எச்சம் ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல், அல்லது ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சாயம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவும் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறைகள் சொல்வது இது. ஐரோப்பாவிலும் இதே இரண்டு எண்கள் புழங்குகின்றன.

60 எங்கிருந்து வந்தது? பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கிலோ உணவு, சுற்றி ஆறு சதுர டெசிமீட்டர் பிளாஸ்டிக். ஆறு பத்து அறுபது. நம் ஊர் சாம்பார் அந்தக் கனசதுரத்தில் வருவதில்லையே! 10-க்கு 15 சென்டிமீட்டர் கவரில் 200 கிராம் சாம்பார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று சதுர டெசிமீட்டர். கிலோவுக்குக் கணக்கிட்டால் பதினைந்து. ஆக, பரப்புக் கணக்கில் விளிம்பில் பாஸான ஒரு கவர், கிலோ கணக்கில் 150 மில்லிகிராம் வரை விடக்கூடும். பொட்டலம் சிறுக்கச் சிறுக்க இந்த விகிதம் ஏறும். சட்னி பாக்கெட்டுக்கு இதைவிட மோசம். விதியில் இருக்கும் அந்த 'அல்லது' எனக்கு உறுத்துவது இங்கேதான்.

அடுத்தது சூடும் நேரமும். சாதாரண வெப்பத்தில் வைக்கும் பண்டத்துக்கு 40 டிகிரியில் 10 நாள், சூடாக நிரப்புவதற்கு 70 டிகிரியில் 2 மணி நேரம், கொதிநிலைக்கு 100 டிகிரியில் 2 மணி நேரம் என்று தனித்தனி நிபந்தனைகள். சூடு ஏறினால் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் சிறு மூலக்கூறுகள் வேகமாக நகரும். எண்ணெய் பாலித்தீனுக்குள் ஊறி அவற்றுக்கு வழி திறந்துவிடும். தாளித்து இறக்கிய குருமாவில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

எடை போடுவதால் எல்லாம் தெரிந்துவிடாது. ஃபார்மால்டிஹைடு திரவத்தோடு சேர்ந்தே பறந்துவிடும், தராசுக்கு அகப்படாது. அதனால் சில பொருள்களைப் பெயர் சொல்லித் தேட வேண்டும். பெட் பாட்டில் தயாரிப்பில் வினையூக்கியாக வரும் ஆன்டிமனிக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 0.04 மில்லிகிராம். ஃபார்மால்டிஹைடுக்கு ஓர் உதாரணம்: ஐரோப்பாவில் சில ஆண்டுகளுக்கு முன் 'மூங்கில் கப்' என்று ஒன்று சக்கைப்போடு போட்டது. இயற்கை, மக்கும் என்றெல்லாம் விளம்பரம். உள்ளே இருந்தது மெலமின் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக், அதில் கலந்த மூங்கில் தூள். மூங்கில் தூள் பிளாஸ்டிக்கில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருளே அல்ல. மெலமின் பாத்திரங்களில் 70 டிகிரிக்கு மேல் சூடான பண்டம் வேண்டாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்தது. காபி கப்புக்கு அது மரண தண்டனை மாதிரிதான். 2021-ல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் கூட்டாகத் தேடுதல் நடத்தி இவற்றைச் சந்தையிலிருந்து அகற்றின.

சிலவகை பிளாஸ்டிக் தயாரிப்பில் சேரும் பிஸ்பெனால் ஏ என்ற வேதிப்பொருளின் கதை வேறு மாதிரி. அங்கே டப்பா மாறவில்லை, வரம்புதான் மாறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்கு 4 மைக்ரோகிராம் தாங்கலாம் என்று 2015-ல் சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2023-ல் அதை 0.2 நானோகிராமாக வெட்டியது. இருபதாயிரத்தில் ஒரு பங்கு! உணவு தொடும் பொருள்களில் அதற்கான தடை 2025 ஜனவரியில் அங்கே அமலுக்கு வந்தது. இந்தியாவில் குழந்தைகளின் பால் பாட்டிலுக்கு 2015-ஆம் ஆண்டின் தர நிர்ணயமே அதை விலக்கிவிட்டது.

ஐரோப்பிய விதிப்படி, தயாரிப்பாளர் தரும் இணக்க அறிவிப்பில் எந்த வகை உணவு, எத்தனை நேரம், என்ன வெப்பம், எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு உணவு என்று எழுதியாக வேண்டும். அந்தத் தாள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகும், அடுப்படிக்கு வராது. இங்கே உணவைத் தொடும் பேக்கேஜிங்குக்கு ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்தின் சான்று வேண்டும் என்பது 2018 விதி. ஆனால் சான்று, கொடுத்த மாதிரிக்குத்தான். அடுத்த மாதம் வேறு சாயமோ, விலை மலிவான அரைத்த கழிவோ கலந்தால் அந்தத் தாளுக்கு அது தெரியாது.

ஆகவே மொத்தமாக டப்பா வாங்கும் ஓட்டல்காரர் முத்திரையைத் தேட வேண்டாம். சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதில் மூன்று கட்டங்களைப் பார்த்தால் போதும்: திரவம், வெப்பம், நேரம். 'காய்ச்சி வடித்த நீர், 40 டிகிரி, 10 நாள்' என்பது மட்டும் இருந்தால், அந்த டப்பா தயிர்சாதத்துக்கே முழுதாகத் தேறவில்லை. தயிருக்குப் புளிப்பும் உண்டு, கொழுப்பும் உண்டு. பிரியாணிக்கு அது பரீட்சையே எழுதவில்லை.